பூசாத சுவர்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழின் வாசகர் பக்கத்தில் ஒரு தம்பி, பழைய படங்களை உட்கார்ந்து பார்க்கப் பொறுமையில்லை, எல்லாம் ஆமை வேகத்தில் போகின்றன என்று எழுதியிருந்தார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. இருபது வயதில் நானும் இதையேதான் சொன்னேன். அதுவும் பாலு மகேந்திராவின் 'வீடு' படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னேன். அந்தப் பேச்சை நான் எப்போது திரும்ப எடுத்துக்கொண்டேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

'வீடு' 1988-இல் வந்த படம். நான் பார்த்தது தூர்தர்ஷனில். அப்போது எங்கள் தெருவிலேயே மூன்று வீடுகளில்தான் டி.வி. இருந்தது. எதிர்வீட்டு மாமி கூடத்தில் பாய் விரித்துப் போடுவார். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' என்றால் வாசற்படி வரை ஆள் இருக்கும். நடுவில் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்று அட்டை போட்டாலும் யாரும் எழுந்திருக்க மாட்டோம். எழுந்தால் இடம் போய்விடும். 'வீடு' போட்ட அன்றைக்கு மட்டும், படத்தில் பாட்டே இல்லை என்று தெரிந்ததும் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். நான் கடைசிவரை இருந்தேன், ஆனால் அலுப்போடுதான். ஒரு பெண் மனையில் வீடு கட்டுகிறாள், கட்டிக்கொண்டே இருக்கிறாள், இதில் என்ன கதை என்று மாமியிடம் கேட்டேன்.

2003-இல் நாங்கள் வீடு கட்டத் தொடங்கினோம். வங்கிக் கடன், சீட்டுப் பணம், என் நகை, எல்லாம் சேர்த்துப் பார்த்தால் கதவு ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டம் வரைதான் வந்தது. மூன்று மாதம் வேலை நின்றது. கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும் அந்தச் சுவரைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போக வேண்டும். அப்படி இருந்த நாளில் ஒரு ராத்திரி டி.வி.யில் மறுபடியும் 'வீடு' போட்டார்கள். சுதாவாக நடித்த அர்ச்சனா அந்தப் படத்துக்காகத் தேசிய விருது வாங்கியவர். ஆபீஸ் முடிந்து வந்து கணக்குப் பார்க்கும்போது அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே போகும். முதல்முறை நான் அதைக் கவனிக்கவே இல்லை. காண்ட்ராக்டர் சிமெண்ட் திருடுகிறான் என்று சித்தாள் மங்கம்மா போட்டுடைக்கும் இடத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் தாத்தா வருவார். சொக்கலிங்க பாகவதர். பாதி கட்டிய வீட்டைப் பார்க்கத் தனியாக வந்து, பூசாத சுவரைக் கையால் தடவித் தடவிப் பார்ப்பார். பேச்சு ஒன்றும் கிடையாது. எங்கள் அப்பாவும் சாயங்காலம் அப்படித்தான் வருவார். சுவருக்குத் தண்ணீர் விட்டாயிற்று என்று மேஸ்திரி சொன்னால் நம்ப மாட்டார். செங்கல் மேல் உள்ளங்கையை வைத்து ஈரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு வாளி ஊற்றுவார். படத்தில் தாத்தா வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் இறந்துபோவார். எங்கள் அப்பா அந்த வீட்டில் ஒன்பது வருடம் இருந்துவிட்டுப் போனார். அந்த ராத்திரி மட்டும் எனக்கு அந்தத் தைரியம் இல்லை. போய் அவர் தூங்குகிறாரா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

மட்டக்களப்பில் தான் சிறுவனாக இருந்தபோது, குடும்பம் வீடு கட்டத் தொடங்கியதும் எப்போதும் சிரித்த முகமாக இருந்த அம்மா மாறிப்போனதைப் பார்த்ததாகவும், படத்துக்கு விதை அதுதான் என்றும் பாலு மகேந்திரா சொல்லியிருக்கிறார். இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. வீட்டுக்குள் இருந்து பார்த்தவர் எடுத்த படம் என்று எனக்கு ஏற்கெனவே தெரியும்.

இதனால் புதுப் படங்கள் மட்டம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். 2024-இல் என் மகள் அழைத்துப் போய்க் காட்டிய 'மெய்யழகன்' மனசைவிட்டு இன்னும் இறங்கவில்லை. அங்கேயும் ஒரு வீடுதான். தஞ்சாவூரில் வாழ்ந்த வீட்டை இழந்து ஊரைவிட்டுப் போகிற குடும்பம். அரவிந்த்சாமியும் கார்த்தியும் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பேசுவார்கள். படம் நீளம் என்று பேச்சு கிளம்பி, வெளியான சில நாளிலேயே சுமார் 18 நிமிடத்தை வெட்டிவிட்டார்கள். எனக்கு அது வலித்தது. ரொம்ப நாள் கழித்துச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய், விடியும்வரை பேசியவர்களுக்கு அந்தப் பேச்சு நீளமாகவா தெரியும்? அதே வருடம் வந்த 'கொட்டுக்காளி'யில் பின்னணி இசையே கிடையாது. ஆட்டோ சத்தமும் சேவலும்தான். பக்கத்து சீட்டில் இருந்த பையன்கள் நெளிந்தார்கள். அவர்களும் ஒரு நாள் திரும்பிப் பார்ப்பார்கள் என்றே நினைத்துக்கொண்டேன்.

ஆனால் திரும்பிப் பார்க்கப் படம் இருக்க வேண்டுமே! என் பயம் அதுதான். தன் படங்கள் பலவற்றுக்கு நெகட்டிவே இல்லாமல் போனதைச் சொல்லிச் சொல்லி வருந்தினார் பாலு மகேந்திரா. திரைப்படங்களுக்கு ஓர் ஆவணக் காப்பகம் வேண்டும் என்று தமிழக அரசைக் கேட்டுக்கொண்டே இருந்தார். 2014-இல் போய்ச் சேர்ந்துவிட்டார். புனேயில் 1964-இல் இருந்து தேசியத் திரைப்படக் காப்பகம் இருக்கிறது. சரி, நல்லது. இத்தனை படம் எடுத்த சென்னையில் நமக்கென்று ஒன்று வேண்டாமா? தமிழின் முதல் பேசும் படமான 1931-இன் 'காளிதாஸ்' ஏற்கெனவே நம் கையில் இல்லை. சின்னத்திரை நிலைமை இன்னும் மோசமாக எனக்குத் தோன்றுகிறது. பாலசந்தரின் 'ரயில் சினேகம்', சிறுகதைகளை எடுத்து பாலு மகேந்திரா செய்த 'கதை நேரம்' இவற்றையெல்லாம் தெளிவான பிரதியில், முழுதாக, வரிசையாகப் பார்க்க ஆசைப்படுகிறேன். கிடைப்பது மங்கலும் துண்டும்தான். 1964-இன் 'கர்ண'னைச் சரிசெய்து 2012-இல் வெளியிட்டபோது தியேட்டர்கள் நிறைந்தன. பார்க்க ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

தங்கள் இதழ் இதைப் பற்றித் தொடர்ந்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தம்பி இப்போது 'வீடு' பார்க்க வேண்டாம், வற்புறுத்தவில்லை. இன்னும் பத்துப் பதினைந்து வருடத்தில் அவரும் எங்கேயாவது கடைக்கால் தோண்டுவார். லிண்டல் மட்டத்தில் வேலை நிற்கும். அன்றைக்கு ராத்திரி அவர் தேடினால் அந்தப் படம் கிடைக்க வேண்டும்.

அன்புடன்,
ஒரு வாசகி,
மயிலாடுதுறை.