பச்சை விளக்கை நம்பியவனின் நன்றி மடல்

வணக்கம்.

எனக்கு உதவியவர்களில் பாதிப் பேரின் பெயர்கூட எனக்குத் தெரியாது, அதனால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். உங்கள் கூரை சோலார் பேனலில் விளைகிற மின்சாரத்தின் கணக்கை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி போட்டு வைத்திருக்கிறீர்கள். அது ஒன்றுதான் உங்களைப் பற்றி எனக்குத் தெரியும்.

என் வீட்டில் பேனல் மாட்டிய நாளிலிருந்து மாலையானால், பேனலின் நேர்மின்னோட்டத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் முன்னால் போய் நிற்பேன், பச்சை விளக்கு எரியும், அன்றைய யூனிட்டைக் குறித்துக்கொண்டு வந்துவிடுவேன். குறைந்தால் மேகம், மேகம் இல்லையென்றால் தூசி, நல்ல வெயிலிலும் குறைந்தால் சூடு என்று எல்லாவற்றுக்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தேன். சூடு என்பது பொய்யும் இல்லை. பேனலில் உள்ள சிலிக்கான் செல்லின் வெப்பநிலை 25 டிகிரியைத் தாண்டிய பின் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.3 முதல் 0.5 சதவீதம் வரை திறன் குறையும். மாட்டிக் கொடுத்தவரும் “வெயில் காலத்தில் அப்படித்தான் சார்” என்றார், நம்பிவிட்டேன்.

“நாளின் மொத்தத்தைப் பார்க்காதே, நாள் முழுக்க உற்பத்தி ஏறி இறங்கும் வரைபடக் கோட்டைப் பார்” என்று சொன்ன நண்பனுக்கு முதல் நன்றி. இன்வெர்ட்டரிலிருந்து மோட்பஸ் என்ற தகவல் இணைப்பு வழியாக எண்களைப் படிக்கும் நிரலை எழுதி இலவசமாக விட்டவர்களுக்கு அடுத்தது. என் பங்கு, அதை ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியில் ஏற்றி, இரண்டு வயரை மாற்றிச் செருகிவிட்டு, இரவு முழுக்க அந்த நிரலைத் திட்டியது மட்டும்தான். மன்னிக்கவும்.

அப்புறம், சோலார் உற்பத்திக் கணக்கை எல்லாரும் பகிர்ந்துகொள்ளும் பிவிஅவுட்புட் என்ற இணையதளத்தில் என் எண்களைப் போட ஆரம்பித்தேன். முதல் வாரமே ஒருவர், “உங்கள் பக்கம் சூரியன் பதினொரு மணிக்கே உச்சிக்கு வந்துவிடுகிறதா?” என்று கேட்டார். பார்த்தால் என் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்தங்கியிருந்தது. இணைப்பு அறுந்த நேரத்தையெல்லாம் நான் பூஜ்யம் என்று ஏற்றிக்கொண்டிருந்ததை இன்னொருவர் பிடித்தார். தெரியாததை வெறுமையாக விடுங்கள், பூஜ்யம் போட்டால் சராசரி பாழாகிவிடும் என்று கோபப்படாமல் சொல்லிக் கொடுத்தார்.

இதையெல்லாம் சரிசெய்த பிறகுதான், அதே திசையில் அதே சாய்வில் பேனல் வைத்திருப்பவர்களின் எண்களை கிலோவாட்டுக்கு இத்தனை யூனிட் என்று வகுத்து என்னுடையதன் பக்கத்தில் வைத்தேன். உங்கள் கோடுகள் வெயிலோடு மெதுவாக ஏறி மெதுவாக இறங்கின. என்னுடையது சூடான நாட்களில் மட்டும், நடுப்பகலில் சட்டென்று பாதிக்கு விழுந்து, மாலையில் சட்டென்று மேலே வந்தது. “சூடு கோட்டை வளைக்கும், படிக்கட்டாக வெட்டாது, ஒரு ஸ்ட்ரிங், அதாவது தொடராக இணைத்த ஒரு பேனல் வரிசை, விட்டு விட்டு வருகிறது பாருங்கள்” என்று ஒருவர் எழுதினார். அதுதான். இரண்டாவது ஸ்ட்ரிங்கின் கனெக்டர் ஒன்று சரியாக இறுக்கப்படாமல், சூடேறினால் தொடர்பு விட்டுக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் கருகி உருகியிருந்ததைப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் நேர்மின்னோட்டத்தில் (டிசி) பொறி பிடித்தால் அது சுலபத்தில் அணையாது. மின்சுமையை நிறுத்தி, டிசி ஸ்விட்சையும் அணைத்த பிறகே கனெக்டரில் கை வைத்த எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கும் நன்றி. நானாக இருந்தால் அவசரத்தில் பிடுங்கியிருப்பேன்.

நல்ல மாதங்களை யார் வேண்டுமானாலும் காட்டுவார்கள். பறவை எச்சம் படிந்த மாதத்தையும், பக்கத்து மரம் வளர்ந்து நிழல் விழுந்த வருடத்தையும் அழிக்காமல் விட்டு வைத்தவர்களிடமிருந்துதான் எந்தக் கோளாறு எப்படித் தெரியும் என்று நான் கற்றுக்கொண்டேன். (ஒரு விஷயம், உற்பத்திக் கணக்கை மட்டும்தான் நான் வெளியிடுகிறேன். வீட்டு நுகர்வுக் கோட்டைப் பார்த்தால் ஆள் இருக்கிறதா இல்லையா என்று திருடனுக்கும் தெரிந்துவிடும்.)

என்னுடைய கெட்டுப்போன மாதங்களையும் அப்படியே விட்டிருக்கிறேன், “இரண்டாவது ஸ்ட்ரிங், தளர்ந்த கனெக்டர்” என்ற குறிப்போடு. உங்கள் கோட்டிலும் நடுப்பகலில் படிக்கட்டு தெரிந்தால் வந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.