பெரிய மனிதர் யாரும் வாழாத வீடு

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் உள்ள வீட்டுத் தட்டுப்பாடு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வாடகை பற்றி எழுதியதெல்லாம் சரி. ஒரு வரிதான் உறுத்தியது. 1946க்குள் கட்டிய சின்ன மரவீடுகளை இடிக்க விடாமல் மாநகராட்சி கட்டுப்பாடு வைத்திருப்பது வீண் பிடிவாதமாம். அவற்றில் எந்தப் பெரிய மனிதரும் வாழ்ந்ததில்லையாம். அப்படி ஒரு வீட்டில் பதினொரு வருடமாகக் குடியிருக்கிறேன், அதனால் இந்தக் கடிதம்.

பெரிய மனிதர் வாழவில்லை என்பது உண்மைதான். அவர்களுக்காகவா கட்டினார்கள்? எங்கள் மாநிலமான குவீன்ஸ்லாந்தின் அரசு 1909இல் தொழிலாளர் குடியிருப்புச் சட்டம் கொண்டுவந்தது. சொந்தமாக ஒரு மனை வைத்திருந்த சம்பளக்காரருக்கு வீடு கட்ட அரசே கடன் கொடுத்தது. வரைபடங்களையும் அதுவே தயாராக வைத்திருந்தது, பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில் டிராம் பாதை நீள நீள, இந்த வீடுகளும் தெருத்தெருவாக எழுந்தன. கூலி வாங்கிப் பிழைத்தவர்கள் சொந்த வீட்டுக்காரர்களான கதைக்குக் கடன் பத்திரங்களை விட்டால் இந்த வீடுகள்தான் சாட்சி.

என் வீடு தரையில் இல்லை, கால்கள் மேல் நிற்கிறது. அடியில் குனிந்து போய்ப் பார்த்தால் ஒவ்வொரு காலின் தலையிலும் ஒரு தகரத் தட்டு கவிழ்ந்திருக்கும். அது கறையானைக் கொல்லாது. ஆனால் கறையான் மேலே ஏற வேண்டுமென்றால் தட்டின் விளிம்பைச் சுற்றி மண்பாதை கட்டித்தான் ஆக வேண்டும். அப்போது கண்ணில் பட்டுவிடும், தட்டிவிடலாம். எவ்வளவு எளிய யோசனை! உள்சுவர்கள் ஒற்றைப் பலகைக் கனம்தான், ஒரு அங்குலம்கூட இல்லை. அடுத்த அறையில் மாமியார் புரண்டு படுத்தால் கேட்கும். கதவுகளுக்கு மேலே குடைந்தெடுத்த மரவேலை, காற்று அறைக்கு அறை போக. பகலில் தகரக் கூரை கொதித்தாலும் வெயில் இறங்கியதும் வீடு சட்டென்று ஆறிவிடும். சூட்டைப் பிடித்துவைக்கக் கல்லோ செங்கல்லோ கிடையாது. இங்கே ஜூலைதான் குளிர்காலம், அப்போது நடுங்குவோம், அதை மறைக்கவில்லை. பழைய பெயின்ட்டில் ஈயம் இருப்பதும் ஒரு தலைவலி.

1979இல் பெல்வியூ ஹோட்டலையும் 1982இல் கிளவுட்லேண்ட் நடன அரங்கையும் ஊர் தூங்கும்போது இடித்த நகரம் இது. அந்தக் கோபம் அடங்க வெகுநாள் ஆனது. மாநிலப் பாரம்பரியச் சட்டம் வந்தது 1992இல்தான். ஆனால் அவை பெரிய கட்டடங்கள், அழ ஆள் இருந்தது. என் வீட்டுக்கு அந்த யோகம் இல்லை. விற்க வந்த தரகரே, "வீட்டைப் பார்க்காதீர்கள், மனையைப் பாருங்கள்" என்றார்.

மாநகராட்சி விதியிலும் எனக்கு ஒரு குறை உண்டு. கட்டுரையாளர் சொல்வதற்கு நேர் எதிரான குறை. அது காப்பாற்றுவது தெருவிலிருந்து தெரியும் முகத்தை. உள்ளே பலகையைப் பிடுங்கி ஜிப்சம் போர்டு அடித்தாலும் பெரும்பாலும் கேட்பாரில்லை. வீட்டைத் தூக்கி நிறுத்தி, அடியில் கான்கிரீட் தளம் போட்டு இன்னொரு மாடி கட்டுகிறார்கள். முகப்பு மட்டும் அப்படியே நிற்கும், கல்யாண வீட்டு வாசலில் வைக்கிற பொம்மை மாதிரி. எல்லா வீட்டையும் காப்பாற்று என்று நான் கேட்கவில்லை. குடியிருக்க இடமில்லாதவருக்கு வீடு வேண்டும்தான். சில தெருக்களிலாவது நாலைந்து வீடுகளை உள்ளும் புறமுமாக விட்டுவையுங்கள் என்கிறேன். மற்றவற்றைப் பிரிக்கும் முன் அளந்து, படம் எடுத்து வையுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் பக்கத்து வீட்டில் உள்சுவரைப் பிரித்துக் குப்பைத் தொட்டியில் போட்டார்கள். ஹூப் பைன் பலகை, முடிச்சே இல்லாத மரம். இன்று அந்த நீளத்தில் தேடினாலும் சுலபத்தில் கிடைக்காது. கேட்டுவிட்டு ஆறு பலகை எடுத்துவந்தேன். ஒன்றின் முதுகில் தச்சர் பென்சிலால் கணக்குப் போட்டிருக்கிறார், அடியும் அங்குலமுமாக. கூட்டலில் ஒரு தப்பு. அடித்துவிட்டுப் பக்கத்திலேயே திருத்தியிருக்கிறார். அதை மட்டும் வராந்தாவில் சாய்த்து வைத்திருக்கிறேன். கட்டுரையாளர் இந்தப் பக்கம் வந்தால் காட்டுகிறேன். ஜூலையில் வருவதென்றால் ஸ்வெட்டர் எடுத்துவரட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பிரிஸ்பேன்