முன்பணம் கட்டிவிட்டாயா?

துபாய்,
வெள்ளி இரவு

மாப்ளே,

எட்டு மாதமாக உன் போனை எடுக்காமல் ‘மீட்டிங், மீட்டிங்’ என்று டபாய்த்ததற்கு எப்படித் திட்ட வேண்டுமோ திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சுகம். பெரியவள் பத்தாவது. சின்னவன் கணக்கில் அப்படியே நீதான். அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நேற்று நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை மூன்று தடவை கேட்டேன். சென்னையில் ஏதோ நட்சத்திர ஹோட்டலில் துபாய் வீட்டுக் கண்காட்சியாம், டை கட்டிய பையன் காபி கொடுத்து உட்கார வைத்தானாம், ‘ஒரு பைசா கமிஷன் வேண்டாம் சார்’ என்றானாம். ஞாயிற்றுக்கிழமை நீ டோக்கன் கட்டப் போகிறாயாம். அடப்பாவி, தஞ்சாவூரில் நீ ஏமாந்து வாங்கிய வாட்சை மறந்துவிட்டாயா?

சிரிக்காதே, உன்னைவிடப் பெரிய வாட்ச் நான் வாங்கினேன். அதனால்தான் எட்டு மாத மௌனம்.

வீடு வாங்கலாம் என்று முடிவெடுத்ததும் இங்கே கராமா பகுதியில் சாப்பிடும்போது ஒருவன் அறிமுகமானான். நம்ம பக்கத்து ஆள். ‘அண்ணே, உங்க ஊரு பஸ்ஸுலதான் நான் காலேஜ் போனேன்’ என்றான். அவ்வளவுதான், எனக்கு எல்லாம் மறந்துபோனது. இன்னும் கட்டாத கட்டடத்தில் ஒரு வீட்டைக் காட்டினான். ‘நாளைக்கு விலை ஏறிடும்ணே’ என்று அவசரப்படுத்தி, 5,000 திர்ஹாம் ரொக்கமாக வாங்கிக்கொண்டான். மிச்சத்தைப் போட அவன் அனுப்பிய வங்கிக் கணக்கைப் பார்த்துவிட்டு உன் தங்கச்சிதான் கேட்டாள்: ‘கட்டடம் கட்டறது கம்பெனி, கணக்கு மட்டும் ஏன் இவர் மச்சான் பேர்ல இருக்கு?’

அப்புறம்தான் விசாரித்தேன். 2007-ஆம் வருடத்து 8-ஆம் எண் சட்டப்படி, இங்கே கட்டி முடிக்காத வீட்டுக்கான பணம் அந்தத் திட்டத்துக்கென்றே உள்ள எஸ்க்ரோ எனும் தனிப் பாதுகாப்புக் கணக்குக்குத்தான் போக வேண்டும். தரகர் என்றால் ரேரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு இருக்கும், பி.ஆர்.என். என்று ஒரு தரகர் பதிவு எண் இருக்கும். ‘துபாய் ரெஸ்ட்’ என்ற நிலத்துறை ஆப்பில் தட்டினால் ஆளின் பெயரும் கம்பெனியும் வந்துவிடும். நம்மாள் கொடுத்த எண்ணில் வேறு யாரோ இருந்தார். ‘அது என் பிரண்டுண்ணே, அவர் கார்டுலதான் நான் ஓட்டறேன்’ என்றான். டிரைவிங் லைசென்ஸா அது? ரசீது இல்லாத காசு, எதைக் காட்டிப் புகார் கொடுப்பது? போனது போனதுதான்.

உன் பையன் அப்படிப்பட்டவன் என்று சொல்லவில்லை. ஆனால் ‘கமிஷன் வேண்டாம்’ என்பதில் மயங்காதே. கட்டாத வீட்டை விற்றால் கட்டுகிற கம்பெனியே அவனுக்குக் கமிஷன் கொடுக்கும். காபி வாங்கித் தருகிறவன் யார் பக்கம் என்று நீயே யோசி.

அடுத்து வந்த தரகர் கராச்சிக்காரர். சிரிக்கவே மாட்டார், நம் பி.டி. வாத்தியார் மாதிரி. நான் கேட்பதற்கு முன்பே கார்டை மேஜையில் வைத்தார். வாங்குபவரும் தரகரும் போடும் ஒப்பந்தமான ஃபார்ம் பி-யில் கையெழுத்து போட்ட பிறகுதான் வீடு காட்டவே கிளம்பினார். நீச்சல் குளமெல்லாம் வைத்த ஒரு வீட்டில் நான் வாயைப் பிளந்து நின்றபோது, ‘பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கு 16 திர்ஹாம், இது 750 சதுர அடி, வருஷத்துக்கு 12,000. உங்களுக்கு நீந்தத் தெரியுமா?’ என்றார். எனக்கு நீச்சல் தெரியுமா தெரியாதா என்று உனக்கே தெரியும்.

கடைசியாகப் பிடித்த வீட்டில் அவரே சொன்னார்: ‘இந்த வீட்டுச் சொந்தக்காரரோடும் எனக்கு ஒப்பந்தம் இருக்கிறது. ரெண்டு பக்கமும் காசு வாங்குவேன். அதனால் விலை விஷயத்தில் என் பேச்சை நம்ப வேண்டாம், இதே கட்டடத்தில் பதிவான விற்பனைகளைப் பாருங்கள்.’ பார்த்தேன். 30,000 குறைத்துக் கேட்டேன், கொடுத்தார்கள். அந்த ஒரு பேச்சுக்காகவே அவருக்கு 2 சதவீதத்தையும் அதன்மேல் வாட் வரியையும் முணுமுணுக்காமல் கொடுத்தேன். நிலத்துறைக்குப் பதிவுக் கட்டணமாக 4 சதவீதம் கட்டியபோதுதான் வயிறு எரிந்தது.

6 லட்சம் திர்ஹாம். துபாய் இன்டர்நேஷனல் சிட்டியில், சீனாவின் பெயர் வைத்த சீனா கிளஸ்டர் குடியிருப்பு. சிவகங்கையில் பிறந்து சீனாவில் வீடு, சொல்லிச் சிரி.

உனக்கு இன்னொன்றும் இருக்கிறது. அங்கிருந்து பணம் அனுப்ப ஆளுக்கு வருடத்துக்கு இரண்டரை லட்சம் டாலர்தான் வரம்பு. 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகிற தொகைக்கு 20 சதவீதத்தை வங்கி முன்கூட்டியே வரியாக வசூலிக்கும். வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்றாலும் அதுவரை பணம் முடங்கும். ஆடிட்டரைப் பார். ஹவாலாவில் அனுப்பலாம் என்று எவனாவது சொன்னால் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்துவிடு.

ஞாயிறுக்குள் அந்தப் பையனின் பி.ஆர்.என்., திட்டத்தின் பெயர், பணம் போடச் சொன்ன கணக்கு, மூன்றையும் போட்டோ எடுத்து அனுப்பு. நான் தட்டிப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை அவன் காபியை மட்டும் குடி.

5,000 திர்ஹாம் கதையை ஒல்லியிடம் சொல்லிவிடாதே. வாட்சையே அவன் இன்னும் விடவில்லை.

உன்,
சீனாக்காரன்