கார்டிஃப் ஸ்டேடியத்துல பாடுறவங்களுக்கு ஒரு மடல்

வணக்கம் வேல்ஸ் ரக்பி ரசிகர்களே,

ரக்பி ரூல் எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல, உங்க மேட்ச யூடியூப்ல பாக்குறதே பாட்டுக்காகத்தான். 70,000 பேர் சேர்ந்து அந்தப் பழைய சர்ச் பாட்டுல 'வானத்து அப்பமே' (Bread of Heaven)னு இழுக்குறப்ப, அதுவும் கடைசி வரில மேல் குரல் உச்சில நின்னு நீட்ட, கீழ்க்குரல் படியேறி வந்து பதில் சொல்லுமே, சர்ச் கொயர்ல சொல்ஃபா (டோ-ரே-மி எழுத்துக் குறிப்பு) பாத்து பேஸ் (கீழ்க்குரல்) பாடுறவன் நான், எனக்கு புல்லரிச்சுடும்.

ஆனா பாதி நேரம் அந்தக் கடைசித் துண்ட மட்டுந்தான் பாடுறீங்க. பந்தில உக்காந்து பாயசத்த மட்டும் குடிச்சிட்டு எந்திரிக்கிற மாதிரி. முதல் வரிய யாரு பாடுவா?

இந்த ட்யூன் போட்ட ஜான் ஹியூஸ் 1873ல உங்க வேல்ஸ்ல இருக்குற டவ்லைஸ்ல பொறந்தவரு. 12 வயசுல சுரங்கத்துல கதவுப் பையன் வேலை. காத்து சரியா ஓடணும்னு உள்ள கதவு போட்டு வெச்சிருப்பாங்க, நிலக்கரி வண்டி வந்தா தொறக்கணும், போனதும் மூடணும், மத்த நேரமெல்லாம் இருட்டுல சும்மா உக்காந்திருக்கணும். அப்புறம் கிளார்க் ஆனாரு. சேலம் பாப்டிஸ்ட் சேப்பல்ல (நம்ம சேலம் இல்லீங்க) டீக்கன், அதாவது சபை ஊழியர், சபைக்கு பாட்டு எடுத்துக் குடுக்குறவரும் அவருதான். 1907ல பான்டிப்ரித் பக்கம் ஹாப்கின்ஸ்டவுன்ல ஒரு சேப்பலுக்கு புது ஆர்கன் வந்தப்ப இந்த ட்யூன அவரே வாசிச்சாரு. 'ரோந்தா'ன்னு பேரு வெச்சாரு, அந்தப் பேர்ல ஏற்கெனவே ஒரு ட்யூன் இருந்ததால 'கூம் ரோந்தா', அதாவது ரோந்தா பள்ளத்தாக்குன்னு ஆச்சு. 1932ல போய்ச் சேந்துட்டாரு, அதே ட்யூன்ல எதிர் டீமப் பாத்து 'என்ன, இப்ப பாட்டையே காணோம்'னு புட்பால் கூட்டம் கிண்டலடிக்கறதெல்லாம் கேக்காமலே.

வார்த்தை 18ஆம் நூற்றாண்டுல பான்டிகெலின் வில்லியம்ஸ்ங்குற பாட்டாசிரியர் வெல்ஷ்ல எழுதினது, 'வானத்து அப்பமே' வர்றது அதோட இங்கிலீஷ் வடிவத்துல. வறண்ட பூமில நடக்குற பரதேசி நான், எனக்கு பலமில்ல, உம்ம கையால புடிச்சுக்கங்கன்னு அந்த இங்கிலீஷ் பாட்டு கடவுள்கிட்ட கெஞ்சுது. நீங்க தாண்டிப் போறது அந்த வரியத்தான். கதவுப் பக்கத்துல இருட்டுல உக்காந்திருந்த பையன நெனச்சுக்கிட்டு ஒரு தடவ அதப் பாடிப் பாருங்க, 'அப்பமே' வர்றப்ப பசி வேற மாதிரி இருக்கும்.

அடுத்த மேட்ச்ல முதல் வரிலேந்து ஆரம்பிங்க, பேஸ் நான் இங்கிருந்தே எடுத்துக்கறேன்.