பச்சை பெல்ட்டுக்குள் பிஸ்டல் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டம்பாளையத்தில் ஒரே குடும்பத்தில் மூன்று பேர், ஆறு மாதம் கழிவதற்குள் ஈரோடு மாவட்டம் சிவகிரி பக்கம் வயதான தம்பதி என்று தோட்டத்து வீடுகளில் அடுத்தடுத்துக் கொலைகள் நடந்தன. அதிலிருந்து சந்தை, டீக்கடை, விசேஷ வீடு என்று எங்கே போனாலும் ஒரு பேச்சு காதில் விழுகிறது: "ஒரு பிஸ்டல் லைசென்ஸ் வாங்கி இடுப்புல சொருகிட்டா ஆச்சுங்க." பயம் நியாயமானது. பக்கத்துச் சாளை, அதாவது தோட்டத்து வீடு, நாலு வயல் தாண்டி இருக்கும் இடத்தில் கூப்பிட்ட குரலுக்கு யார் வந்து நிற்க முடியும்? ஆனால் அந்தச் "சொருகிட்டா" என்ற சொல்லில்தான் கோளாறே இருக்கிறது.

முதலில் சட்டம். லைசென்ஸ் கையில் இருந்தாலும் கைத்துப்பாக்கியை இஷ்டப்படி எடுத்துப் போக முடியாது. 2016 ஆயுத விதிகளில் 32வது விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது. பொது இடத்தில் கைத்துப்பாக்கியை அதற்கென்று செய்த உறையில் போட்டு உடலோடு பிணைத்திருக்க வேண்டும். அல்லது தோள்பை போன்ற ஒன்றில் வைத்திருக்க வேண்டும். அது முழுவதும் மூடியிருக்க வேண்டும், எப்போதும் நம் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். எடுத்துக் காட்டுவதே குற்றம். கல்யாண மண்டபத்தில் சட்டையைத் தூக்கிக் காட்டும் பந்தா மாப்பிள்ளைக்கு மாமனாரிடம் வேண்டுமானால் மதிப்பைக் கூட்டலாம். லைசென்ஸுக்கு உலை வைத்துவிடும். ஆயுதச் சட்டத்தின் 30வது பிரிவில் 6 மாதம் வரை சிறையும் இருக்கிறது. அஜாக்கிரதையாகவோ கொண்டாட்டத்துக்கோ சுட்டால் 2019 திருத்தத்துக்குப் பிறகு 2 வருடம் வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதே திருத்தம்தான் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. லைசென்ஸ் காலத்தை 3 வருடத்திலிருந்து 5 ஆக்கியது.

இனி இடுப்புக்கு வருவோம். நம் பக்கத்துப் பெரியவர்கள் வேட்டிக்கு மேல் கட்டும் அகலமான பச்சை பெல்ட்டைப் பாருங்கள். அதன் பையில் நோட்டுக் கட்டு, சில்லறை, பொடி டப்பா, மோட்டார் ரூம் சாவி எல்லாம் கிடக்கும். சின்ன பிஸ்டல் அளவாக உள்ளே போய்விடுகிறது என்று அதையும் அங்கேயே திணிக்கிறவர்கள் உண்டு. சாவி வளையத்தின் ஒரு முனை டிரிகரைச் சுற்றியிருக்கும் காப்பு வளையத்துக்குள் நுழைந்துவிட்டால், உட்கார்ந்து எழும்போது பெல்ட் இறுகுகிற இறுக்கமே விரல் செய்கிற வேலையைச் செய்துவிடும். குழல் பார்க்கிற திசையோ தொடையும் அடிவயிறும். தொடையின் பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் ஆளைக் காப்பாற்றச் சில நிமிடங்கள்தான் இருக்கும். தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரி அவ்வளவு பக்கத்தில் இல்லை.

உறை என்றால் டிரிகர் காப்பு முழுவதையும் மூடும் கெட்டியான உறை. துப்பாக்கியை வெளியே எடுத்த பிறகும் அதன் வாய் சுருங்காமல் நிற்க வேண்டும். காலித் துப்பாக்கியை உறையில் போட்டுத் தலைகீழாகப் பிடித்து உதறிப் பாருங்கள். நழுவினால் அந்த உறை மொபட்டில் போகத் தோதுப்படாது. பழைய தோல் உறையில் இன்னொரு ஆபத்து உண்டு. வருடக்கணக்கில் வியர்வை பட்டு வாய் ஓரம் தொளதொளத்து உள்ளே மடிந்திருக்கும். துப்பாக்கியைத் திரும்பச் செருகும்போது அந்த மடிப்பே டிரிகரில் மாட்டி அழுத்தும். அதனால் திரும்ப வைக்கும்போது அவசரம் கூடாது. விரல் ஸ்லைடின் (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதி) பக்கவாட்டில் நேராக இருக்கட்டும், சட்டை நுனியை மறு கையால் விலக்குங்கள், உறையைக் கண்ணால் பார்த்து மெல்ல இறக்குங்கள். வேட்டி இடுப்பில் உறை நிலையாக நிற்காது. பிஸ்டல் எடுத்துப் போகிற நாளில் பேன்ட் போட்டு, ஒன்றரை அங்குல அகலத்தில் வளையாத பெல்ட் கட்டுவதே மேல். கௌரவம் ஒன்றும் குறையாது.

அடுத்தது காலி செய்யும் முறை. கவனக்குறைவால் வெடிப்பது பல நேரம் இங்கேதான். குழலைப் பாதுகாப்பான பக்கம், மண் மூட்டையோ வெறும் தரையோ பார்க்கப் பிடித்துக்கொண்டு, முதலில் மேகசினை, அதாவது தோட்டாக்கள் அடுக்கிய கூண்டை, கழற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் ஸ்லைடை முழுதாகப் பின்னால் இழுக்க வேண்டும். சேம்பரில், அதாவது குழலின் பின்முனையில் சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் அறையில், இருந்த தோட்டா வெளியே குதிக்கும். இன்னும் இரண்டு தரம் இழுத்து, பின்னால் பிடித்தபடியே கண்ணால் பார்த்து, சுண்டுவிரல் நுனியை விட்டுத் தடவி உறுதி செய்ய வேண்டும். வரிசையை மாற்றி, ஸ்லைடை இழுத்துவிட்டு மேகசினைக் கழற்றினால் என்ன ஆகும்? ஒரு தோட்டா வெளியே விழுவதைக் கண்ணால் பார்ப்பீர்கள். ஸ்லைடு முன்னால் போகும்போது மேகசினிலிருந்து அடுத்தது சேம்பருக்குள் ஏறிவிடும். மேகசின் கையில், துப்பாக்கி காலி என்ற நினைப்பு மனதில், தோட்டா உள்ளே. "காலித் துப்பாக்கி வெடித்துவிட்டது" என்று சொல்லப்படுவது பல நேரம் இதுதான்.

சேம்பரில் தோட்டாவோடு போகலாமா என்பது துப்பாக்கியின் வயதைப் பொறுத்தது. இறக்குமதி 1980களிலேயே அடைபட்டதால், இங்கே கைமாறும் வெளிநாட்டுப் பிஸ்டல்கள் பெரும்பாலும் தாத்தா காலத்தவை. கீழே விழுந்தால் வெடிக்காமல் தடுக்கும் ஏற்பாடு அவற்றில் பலவற்றில் கிடையாது. அவற்றில் சேம்பர் காலியாகவே இருக்கட்டும். பழைய ரிவால்வரானால் சுத்தியலுக்கு நேரே உள்ள அறையைக் காலியாக விட்டு, ஆறுக்கு ஐந்தே போடுங்கள்.

தோட்டா விஷயத்தில் பலர் தடுமாறுகிறார்கள். 9 எம்.எம். தடை செய்யப்பட்ட வகை. நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் பாயின்ட் 32. ஆனால் பாயின்ட் 32 பிஸ்டலின் தோட்டா வேறு, பாயின்ட் 32 ரிவால்வரின் தோட்டா வேறு. முதலாவதன் கூடு (மருந்து அடைத்த உலோக உறை) 17 மில்லிமீட்டர் நீளம், இரண்டாவதன் கூடு சுமார் 23. கடையில் வெறுமனே "முப்பத்திரண்டு" என்று கேட்டு வாங்கி வந்து, வீட்டில் விழிக்க வேண்டாம். பிஸ்டல் தோட்டாவின் அடியில் மெல்லிய விளிம்பு ஒன்று வெளியே துருத்தி நிற்கும். மேகசினில் ஏற்றும்போது மேலே இருக்கும் தோட்டாவின் விளிம்பு, கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் வர வேண்டும். பின்னால் போய்விட்டால் இரண்டும் கொக்கி போட்டுக்கொள்ளும். ஸ்லைடு எவ்வளவு இழுத்தாலும் ஏறாது. அவசரத்தில் சரி செய்யவும் முடியாது.

தினமும் ராத்திரி காலி செய்து காலையில் அதே தோட்டாவை மறுபடி சேம்பரில் ஏற்றும் பழக்கத்தையும் விட வேண்டும். ஒவ்வொரு தரம் ஏறும்போதும் தோட்டாவின் முனையில் இருக்கும் குண்டு சேம்பரின் முகப்பில் முட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுக்குள் அமிழ்கிறது. அப்படிக் குட்டையான தோட்டாவில் அழுத்தம் அளவுக்கு மீறி ஏறும். புதியதோடு பக்கத்தில் நிறுத்தி உயரம் பாருங்கள், குறைந்திருந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

சுடும்போது "டிக்" என்று மட்டும் கேட்டால் குழலை அசைக்காமல் 30 நொடி பிடித்திருந்து பிறகு வெளியே எடுங்கள். "பட்" என்று மெலிந்த சத்தம் வந்தால் உடனே நிறுத்திக் காலி செய்து குழலைப் பாருங்கள். குண்டு நடுவில் சிக்கியிருந்தால் அடுத்த குண்டு குழலைப் பிளந்துவிடும்.

நம் ஊர் வேலைகளுக்கென்றே சில தொல்லைகள் உண்டு. பனியன் கம்பெனியிலும் ஸ்பின்னிங் மில்லிலும் பறக்கும் பஞ்சுத் தூள் சட்டைக்குள் இருக்கும் துப்பாக்கிக்குள்ளும் போகும். எண்ணெய் அதிகமாக இருந்தால் அதில் ஒட்டிக்கொண்டு, தோட்டாவைக் கவ்வி இழுக்கும் கொக்கியின் அடியில் நமத்த விபூதி மாதிரி படியும். அப்புறம் சுட்ட கூடு வெளியே வராமல் மாட்டும். வாரம் ஒருமுறை காலி செய்து, பழைய பல் பிரஷ்ஷால் அந்த இடத்தைத் தட்டி, குழலில் உலர்ந்த துணி விட்டு எடுத்து, துப்பாக்கி எண்ணெய் ஒரு துளி போதும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். நாளாக ஆகப் பிசினாகிவிடும். அதிக எண்ணெய் தோட்டாவின் அடிக்குள் கசிந்தால் அது வெடிக்காமலே போகும். உடலை ஒட்டியிருக்கும் பக்கம் வியர்வையால் முதலில் துருவேறும். வீட்டுக்கு வந்ததும் துடைக்க வேண்டும். தோல் உறையிலேயே போட்டு பீரோவில் வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

வைக்கும் இடம் சுவரோடு போல்ட் போட்ட இரும்புப் பெட்டி. தோட்டா வேறு பூட்டில். தலையணைக்கு அடியிலும் கார் டேஷ்போர்டிலும் வைப்பது திருடனுக்குச் சீர் கொடுப்பது போல. கோடை விடுமுறைக்கு வரும் பேரன் பேத்திகள் எந்தப் பெட்டியையும் திறந்து பார்ப்பார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அப்பா காலமான பின் அவர் துப்பாக்கியை "இருக்கட்டும்" என்று மாட்டி வைப்பதும் தவறு. அதைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்துவிட்டு வாரிசு தன் பேருக்கு விண்ணப்பிக்க வேண்டும். 70 வயது ஆனவரோ, 25 வருடம் வைத்திருந்தவரோ உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றவும் 2016 விதிகளில் வழி இருக்கிறது.

தற்காப்பு உரிமை பற்றி ஒரு வார்த்தை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் அதைச் சொல்கின்றன. கொள்ளை, சூரியன் மறைந்து உதிப்பதற்குள் வீட்டை உடைத்து நுழைவது போன்றவற்றில் அந்த உரிமை உயிர் போகும் எல்லை வரை நீளலாம். ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்ய உரிமை இல்லை. தேங்காய் திருடி ஓடுகிறவன் முதுகில் சுட்டால் கொலை வழக்குதான். காட்டுப்பன்றிக்கும் யானைக்கும் இந்தக் குட்டிப் பிஸ்டல் ஆகாது. சத்தியமங்கலம், தாளவாடிப் பக்கத்தார் அதை வனத்துறையிடம் விடுவதே சட்டம்.

விமானத்தில் போகிறவர்கள் பையின் எல்லா அறைகளையும் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். மறந்து கிடந்த ஒரே ஒரு தோட்டாவோடு கோவை விமான நிலையத்தில் சிக்கியவர்களைப் பற்றி உங்கள் பத்திரிகையிலேயே அடிக்கடி செய்தி வருகிறது. தெரிந்து வைத்திருந்தால்தான் குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 1972லேயே சொல்லியிருக்கிறது. ஆனால் தெரியாது என்று நிரூபிக்கக் கோர்ட்டுக்கு நடக்க வேண்டியது நாம்தான்.

தேர்தல் வந்தால் ஒப்படைக்கச் சொல்லி நோட்டீஸ் வரும். கொடுக்கும் முன் வரிசை எண் தெரியப் படம் எடுத்து, மெல்லியதாக எண்ணெய் பூசி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பிளாஸ்டிக் பையில் மூடி, மேகசினைத் தனியே எண்ணிக்கை போட்டு ரசீது வாங்குங்கள். துணியில் சுற்றிக் கொடுத்தால் இரண்டு மாதத்தில் துருவோடுதான் திரும்பும்.

மாவட்ட ஆட்சியர்களுக்கும் மாநகரக் காவல் ஆணையர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பாதுகாப்புப் பயிற்சி லைசென்ஸுக்கு முன்னால் ஒருமுறையோடு முடிந்துவிடுகிறது. கோவை, திருப்பூர், ஈரோடு ஆயுதப்படை மைதானங்களில் மாதம் ஒரு ஞாயிறு அரை நாள், கட்டணம் வாங்கிக்கொண்டே, உரிமம் உள்ளவர்களை வரவழைக்கலாம். உறையைச் சோதித்து, காலி செய்யும் முறையைக் கண் முன் செய்யச் சொல்லி, 7 மீட்டரில் பத்துத் தோட்டா சுட வைக்கலாம். உறை இல்லாமல் வருகிறவரை அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பெருந்துறை.