39,576 பேருக்கு ஒரு திறந்த மடல்

2003 அக்டோபர் 14 இரவு சிகாகோவின் ரிக்லி ஃபீல்டு பேஸ்பால் மைதானத்தில் அமர்ந்திருந்தவர்களுக்கு,

வணக்கம்.

அன்றைய கூட்டம் 39,577 பேர் என்று பதிவாகியிருக்கிறது. அதில் ஒருவரைக் கழித்துவிட்டு மீதிப்பேருக்கு இதை எழுதுகிறேன். கழித்தது யாரை என்று உங்களுக்குத் தெரியும். ஒரு பந்தை நோக்கிக் கை நீட்டியதற்காக நீங்கள் பழி சுமத்திய ரசிகரை. அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஊரும் உலகமும் வேண்டிய மட்டும் எழுதித் தீர்த்துவிட்டன. உங்களில் தமிழ் வாசிப்பவர்கள் பத்துப்பேர் இருந்தாலே அதிகம் என்பதும் தெரியும். என்ன செய்வது, இத்தனை ஆண்டுகள் அமெரிக்காவில் இருந்தும் கோபம் வந்தால் எனக்குத் தமிழில்தான் எழுத வருகிறது.

கோபத்தைக் கிளறியது ஒரு படம். அலெக்ஸ் கிப்னி இயக்கி, ஈஎஸ்பிஎன் விளையாட்டுத் தொலைக்காட்சி 2011இல் ஒளிபரப்பிய 'கேட்சிங் ஹெல்' என்ற ஆவணப்படம். வந்த புதிதிலேயே பார்த்ததுதான். சென்ற வாரம் பக்கத்து வீட்டுப் பெரியவரோடு அமர்ந்து மறுபடியும் பார்த்தேன். அவரும் உங்களில் ஒருவர். அன்று மேலடுக்கில் இருந்தவர். எழுபதைத் தாண்டியும் பனி கொட்டினால் என் வீட்டு வாசலையும் சேர்த்தே வாரிவிடுகிற மனிதர். படத்தில் கூட்டம் அந்த ரசிகரைப் பார்த்து ஒரு வசைச்சொல்லைத் தாளம் போட்டுக் கத்துகிற இடம் வந்ததும் அவர் குனிந்து, கையிலிருந்த தேநீரைப் பார்த்தார். பிறகு, நான் எதுவும் கேட்காதபோதே, "நான் எதையும் எறியவில்லை" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கத்தினேன். எல்லோரும் கத்தினார்கள்" என்றார்.

அந்த 'எல்லோரும்' என்ற சொல்லைப் பற்றித்தான் இந்த மடல்.

பேஸ்பால் பழக்கமில்லாத தமிழர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால், உங்களுக்கு மனப்பாடமான கதையை அவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்றைய நிலவரப்படி, சிகாகோ கப்ஸ் அணி கடைசியாகச் சாம்பியன் ஆனது 1908இல். உலகத் தொடர் எனப்படும் இறுதிப் போட்டித் தொடருக்குக் கடைசியாகப் போனது 1945இல். 2003இல் ஃப்ளோரிடா மார்லின்ஸ் அணியோடு அரையிறுதி போன்ற ஏழு ஆட்டத் தொடர். மூன்றுக்கு இரண்டு என்று கப்ஸ் முன்னிலை. ஆறாவது ஆட்டம் சொந்த மைதானத்தில். எட்டாவது இன்னிங்ஸில் மார்லின்ஸ் மட்டையடிக்கிறது. கப்ஸ் 3, மார்லின்ஸ் 0, ஒருவர் அவுட். இன்னும் ஐந்தே ஐந்து அவுட் எடுத்தால் 58 ஆண்டுக் காத்திருப்பு முடிந்தது. கப்ஸின் மார்க் பிரையர் பந்தெறிகிறார். இரண்டாம் தளத்தில் ஹுவான் பியர் நிற்கிறார். லூயிஸ் காஸ்டியோ அடித்த பந்து இடப்பக்கக் கோட்டுக்கு வெளியே, பார்வையாளர் வரிசையை ஒட்டிச் சரிகிறது. ஃபவுல்தான், ஆனாலும் பிடித்தால் அவுட். கப்ஸின் மொய்செஸ் அலூ ஓடிவந்து சுவரோரம் எகிறுகிறார். வரிசையில் இருந்த பலரும் கையை நீட்டுகிறார்கள். ஒரு கையில் பட்டுப் பந்து விலகுகிறது. அலூ கையுறையை உதறி, அந்தத் திசையைப் பார்த்துக் கத்துகிறார்.

அந்தக் கைக்கு உரியவருக்கு வயது 26. தலையில் கப்ஸ் தொப்பி, காதில் ஹெட்ஃபோன். ஆட்டத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே வானொலி வர்ணனையையும் கேட்டுக்கொண்டிருந்த ரசிகர். சேப்பாக்கத்தில் டிரான்சிஸ்டரைக் காதோடு அணைத்தபடி டெஸ்ட் பார்த்த பெரியவர்களை அறிந்த எனக்கு, அந்த ஹெட்ஃபோனைக் கண்டதுமே அவர் எப்படிப்பட்ட ரசிகர் என்று புரிந்துபோயிற்று.

நடுவர் குறுக்கீடு என்று சொல்லவில்லை. சொல்ல முடியாது. பந்து சுவரைத் தாண்டிப் பார்வையாளர் பக்கம் வந்துவிட்டால், அதைப் பிடிக்க வீரருக்கு இருக்கும் உரிமை ரசிகருக்கும் உண்டு, அதுதான் விதி.

ஆட்டம் இன்னும் 3-0தான். அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். அதே காஸ்டியோவுக்கு பிரையர் நான்காவது தவறான பந்தை எறிந்தார். அதனால் காஸ்டியோ நடந்தே முதல் தளம் போனார். அந்தப் பந்து கேட்சருக்கும் எட்டாமல் போனதால் பியர் மூன்றாம் தளத்துக்கு ஓடினார். இவான் ரோட்ரிகஸ் அடித்து ஒரு ரன். மிகெல் கப்ரேராவின் அடி தரையில் துள்ளி நேராகக் கப்ஸின் தடுப்பாட்டக்காரர் (ஷார்ட்ஸ்டாப்) அலெக்ஸ் கொன்சாலெஸிடம் வந்தது. இரட்டை அவுட்டுக்கே வாய்ப்பிருந்த பந்து. அன்று பார்த்து நழுவியது. டெரக் லீ அடித்த அடியில் ஆட்டம் சமநிலை. பந்தெறிபவரை மாற்றினார்கள், மாற்றியும் நிற்கவில்லை. மைக் மோர்டெகாய் அடித்ததில் மூன்று பேர் ஒரே வீச்சில் சுற்றி முடித்து ரன் சேர்த்தார்கள். மொத்தம் எட்டு ரன். ஆட்டம் 8-3.

மறுநாள் ஏழாவது ஆட்டம். அதே மைதானம். 5-3 என்று முன்னிலை பெற்று, 9-6 என்று தோற்றார்கள். அன்று அந்த மனிதர் மைதானத்தின் பக்கமே இல்லை.

இதையெல்லாம் நீங்கள் அறிவீர்கள். படமும் ஒன்றுவிடாமல் காட்டுகிறது. அலூவே 2008இல், அந்தப் பந்தை எப்படியும் பிடித்திருக்க மாட்டேன் என்று சொன்னதாகச் செய்தி வந்தது. பிறகு பேச்சை மாற்றிக்கொண்டார், அது போகட்டும். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள் எங்கள் ஊரில். உங்கள் ஊரில் பழி நான்காம் வழியின் எட்டாவது வரிசையில் போய் அமர்ந்தது.

எப்படிப் போய் அமர்ந்தது என்பதுதான் படத்தில் என்னை உலுக்கிய பகுதி. அப்போது ரிக்லி ஃபீல்டில் பெரிய காணொளித் திரை கிடையாது. அது 2015இல்தான் வந்தது. அரங்கில் இருந்த பெரும்பாலோர் அந்தக் கையைச் சரியாகப் பார்க்கவேயில்லை. வீட்டில் தொலைக்காட்சி பார்த்தவர்கள்தான் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். வெளியே தெருவில் சிறிய தொலைக்காட்சிப் பெட்டிகளைச் சுற்றி நின்றவர்களும் பார்த்தார்கள். சேதி தொலைபேசியிலும் வாய்வழியாகவும் உள்ளே வந்தது. ஆக, கண்ணால் காணாததற்கு நீங்கள் தீர்ப்பு எழுதினீர்கள். பீர் பறந்தது, தின்பண்டம் பறந்தது, வசை பறந்தது. மேல்சட்டையால் முகத்தை மூடிக் காவலர்கள் அவரை வெளியே கொண்டுபோனார்கள். பாதுகாப்புப் பணியில் இருந்த ஒரு பெண் தன் குடியிருப்பில் அவரை ஒளித்துவைத்துக் காப்பாற்றியதைப் படத்தில் அவரே சொல்கிறார். அன்றிரவைப் பற்றி எனக்கு நிம்மதி தருகிற செய்தி அது ஒன்றுதான்.

எங்கள் ரசிகர்கள் புத்தர்கள் என்று சொல்ல வரவில்லை. 1996 மார்ச் 13 அன்று கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் இலங்கையிடம் இந்தியா சரிந்தபோது, பாட்டில் எறிந்து, இருக்கைகளுக்குத் தீ வைத்து, ஆட்டத்தையே நிறுத்தவைத்தது எங்கள் கூட்டம். அப்போது எறிந்தவரையும் இன்றுவரை நான் சந்தித்ததில்லை. அதே போலத்தான் சிகாகோவும். இத்தனை ஆண்டுகளில் அலுவலகம், முடிதிருத்தகம், பிள்ளைகளின் பள்ளி என்று பல இடங்களில், அந்த ஆட்டத்தில் இருந்ததாகச் சொன்ன ஆறேழு பேரைச் சந்தித்திருக்கிறேன். ஒருவரும் எறியவில்லை. பீர் தானாகவே கோப்பையை விட்டுக் கிளம்பிப் பறந்துபோயிருக்க வேண்டும்.

படத்தின் மேல் எனக்குக் குறை இல்லாமல் இல்லை. அந்தக் கையை மெதுவோட்டத்தில், பல கோணங்களில், மீண்டும் மீண்டும் காட்டுகிறது. தொலைக்காட்சி செய்த தவற்றைச் சொல்வதற்குத் தொலைக்காட்சி செய்ததையே செய்கிறது. ஆனால் பாஸ்டன் ரெட் சாக்ஸ் ரசிகரான கிப்னி, தன் சொந்த ஊர்ப் பழியிலிருந்து தொடங்கியது நேர்மை. 1986 அக்டோபர் 25, நியூயார்க்கின் ஷே மைதானம், உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம். முதல் தளத்தில் நின்ற ரெட் சாக்ஸ் வீரர் பில் பக்னரின் கால்களுக்கிடையே பந்து புகுந்து போனது. ஊர் முழுக்க அவரைத் திட்டியது. ஆனால் அந்தப் பந்து வருவதற்கு முன்பே ஆட்டம் சமநிலைக்கு வந்துவிட்டிருந்தது. அதற்குப் பிறகு ஏழாவது ஆட்டமும் இருந்தது; அதில் 3-0 என்று முன்னிலை பெற்றும் தோற்றார்கள். 2,715 முறை வெற்றிகரமாக அடித்த ஒரு ஆட்டக்காரரின் வாழ்வு ஒரு தரைப்பந்தாகச் சுருங்கிவிட்டது. 2008 ஏப்ரலில் ஃபென்வே மைதானத்துக்கு அவரை அழைத்து முதல் பந்தை எறியச் சொன்னார்கள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குள் ரெட் சாக்ஸ் இரண்டு முறை சாம்பியன் ஆகிவிட்டிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வயிறு நிறைந்த பிறகு வருகிற கருணை.

பக்னராவது சம்பளம் வாங்கி ஆடியவர். உங்கள் ஆளோ டிக்கெட் வாங்கி வந்தவர்.

அடுத்து நடந்தவை கேலிக்கூத்து. மாநில ஆளுநராக இருந்த ராட் பிளகோயவிச், தன்னிடமிருந்து அந்த ஆளுக்கு மன்னிப்பே கிடைக்காது என்று வேடிக்கையாகச் சொன்னார். (பின்னாளில் அவரே ஊழல் வழக்கில் சிறைக்குப் போய், 2020இல் தண்டனைக் குறைப்பும் 2025இல் மன்னிப்பும் பெற்றார். மன்னிப்பின் அருமை அவருக்கு இப்போது தெரிந்திருக்கும்.) அந்தப் பந்தை ஒரு உணவக நிறுவனம் 1,13,824 டாலருக்கு ஏலத்தில் எடுத்து, 2004 பிப்ரவரியில் எல்லோரும் பார்க்க வெடித்துச் சிதறடித்தது. மறு ஆண்டு அதன் மிச்சத்தைக் கொதிக்கவைத்த ஆவியைச் சேர்த்து ஸ்பகெட்டிக் குழம்பு செய்தார்கள். 1945இல் ஒரு மதுக்கடைக்காரரின் ஆட்டை மைதானத்திலிருந்து வெளியேற்றியதால் சாபம் பிடித்தது என்று அரை நூற்றாண்டுக்கு மேல் சொல்லிக்கொண்டிருந்த ஊர் உங்களுடையது. ஆட்டுக்கு வயதாகிவிட்டது, பலிகடாவாக ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டீர்கள்.

அவர் செய்தது என்ன? மறுநாளே உடைந்த மனத்தோடு வருத்தம் தெரிவித்து ஓர் அறிக்கை கொடுத்தார். ஃப்ளோரிடாக்காரர்கள் நன்றி சொல்லி அனுப்ப நினைத்த பரிசுகளைச் சிறுவர் நீரிழிவு ஆராய்ச்சிக்குக் கொடுத்துவிடச் சொன்னார். பேட்டி மறுத்தார், விளம்பரம் மறுத்தார், கிப்னியின் படத்துக்கும் வரவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு நெருங்கிய படத்தில், தன் பங்குக்கு 'நான்' என்று சொன்னவர் யாரென்று தேடினால், அதில் பேசாத அவர்தான் நினைவுக்கு வருகிறார்.

2016 நவம்பர் 2 அன்று கப்ஸ் வென்றது. 108 ஆண்டு. நானும் அழுதேன், மறைப்பானேன். 2017இல் அணியின் உரிமையாளர்களான ரிக்கெட்ஸ் குடும்பத்தார் அவருக்குச் சாம்பியன் மோதிரம் ஒன்றைக் கொடுத்தார்கள். நல்ல செயல். ஆனால் கணக்கைப் பாருங்கள். அந்தக் குடும்பம் அணியை வாங்கியதே 2009இல். அன்றிரவு அணி வேறொரு நிறுவனத்திடம் இருந்தது. தவற்றில் பங்கே இல்லாதவர்கள் மோதிரம் கொடுத்தார்கள். பங்கு இருந்த நீங்கள் கைதட்டிவிட்டு, "அப்பாடா, முடிந்தது" என்றீர்கள். மோதிரத்தைப் பெற்றுக்கொண்ட அவர், இந்தப் பெருமைக்குத் தான் தகுதியானவர் என்று நினைக்கவில்லை என்றும், விளையாட்டைப் பொழுதுபோக்காகப் பார்த்து இப்படி ஒருவர் தலையில் பழி சுமத்துவதைத் தடுக்கக் கற்க வேண்டும் என்றும் அறிக்கை விட்டார். முதல் பாதியை எல்லோரும் மேற்கோள் காட்டினார்கள்.

"நாங்கள் அவரை எப்போதோ மன்னித்துவிட்டோம்" என்று உங்களில் பலர் சொல்லக் கேட்கிறேன். அந்த வாக்கியத்தைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவர் செய்யாத குற்றத்துக்கு நீங்கள் மன்னிப்பு வழங்குகிறீர்கள். நீங்கள் செய்ததற்கு யார் கேட்பது? மைதானத்துக்கு வருகிறவர்கள் இன்றும் அந்த இருக்கையில் அமர்ந்து, கையை நீட்டிப் படமெடுத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். அதை ஒரு ஆண்டாவது நிறுத்துங்கள் என்று கேட்கலாம், கேட்டாலும் நடக்காது.

நான் கேட்பது சிறியது. ஆண்டுதோறும் அக்டோபர் வந்தால் இந்தப் படத்தைப் போட்டுப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறீர்கள். இந்த முறை பார்த்து முடித்ததும், உங்களில் ஒருவராவது 'எல்லோரும்', 'அவர்கள்', 'கூட்டம்' என்ற சொற்களை ஒதுக்கிவிட்டு ஒரு வாக்கியம் எழுதுங்கள். அவருக்கு அனுப்ப வேண்டாம். அவரைத் தேடவே வேண்டாம். எங்காவது, உங்கள் பிள்ளைகள் கண்ணில் படும்படி எழுதிவைத்தால் போதும். எந்த வரிசையில் இருந்தீர்கள், என்ன எறிந்தீர்கள், என்ன கத்தினீர்கள்.

கேட்கிறவன் முதலில் எழுத வேண்டும். நான் அன்று மைதானத்தில் இல்லை. சிகாகோவுக்கு வந்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. வாடகை வீட்டின் மூன்றாம் மாடியில் தொலைக்காட்சி முன் இருந்தேன். மறுநாள் காலை அவருடைய பெயரும் வேலையிடமும் அடங்கிய மின்னஞ்சல் ஒன்று எனக்கு வந்தது. அதன் மேல் ஒரு கேலி வரியைச் சேர்த்து, பதினோரு பேருக்கு அனுப்பினேன். இருவர் சென்னையில் இருந்தார்கள். அவர்களுக்கு பேஸ்பால் என்றால் என்னவென்றே தெரியாது.

இப்படிக்கு,
பிளகோயவிச்சின் வேடிக்கைப் பேச்சுக்குச் சிரித்தவர்களில் ஒருவன்