கம்பியில் குத்திய கடிதங்கள்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருக்கிறாய், சந்தோஷம். இங்கே மழை விட்டபாடில்லை.

பரண் ஒழித்தபோது கிடைத்த கம்பியைப் பற்றித்தான் நாலு நாளாக நினைப்பு. 1971-ல் பட்டாளத்திலிருந்து உன் சித்தப்பாக்கள் இருவரும் பாட்டிக்குப் போட்ட இன்லண்ட் கடிதங்கள், பாட்டி வரிசையாக அதில் குத்தி வைத்தவை. பெரியவர் எல்லாவற்றிலும் "இவ்விடம் நலம், கவலை வேண்டாம்". சின்னவர் குளிரையும் சப்பாத்தியையும் திட்டித் தீர்த்திருக்கிறார். "சின்னவர்தான் உள்ளதை எழுதியவர்" என்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

போன மாதம் கிரென்ஃபெல் சகோதரர்களைப் பற்றிப் படித்தேன். முதல் உலகப்போரில் பிரான்சுக்கும் பெல்ஜியத்துக்கும் போன இங்கிலாந்துப் பிரபு வீட்டுப் பிள்ளைகள். அண்ணன் ஜூலியன் 1914-ல் வீட்டுக்கு எழுதுகிறான்: போர் ஒரு பெரிய பிக்னிக் மாதிரி இருக்கிறதாம், அழுக்காக இருக்கிறாய் என்று திட்ட ஆள் இல்லையாம்! அவனுடைய வேட்டைக் குறிப்பேட்டில் அக்டோபரில் 105 கவுதாரி. அடுத்த பதிவு, நவம்பர் 16: "பொமரேனியன் ஒன்று". பொமரேனியன் என்றால் ஜெர்மன் சிப்பாய். படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

1915 மே 13-ல் பெல்ஜியத்தில் ஈப்பர் ஊர் அருகே அவன் தலையில் குண்டுச்சிதறல் பட்டது. மறுநாளே அம்மாவுக்குக் கடிதம். 'ஜாக் ஜான்சனை' (அந்த நாளில் பெரிய பீரங்கிக் குண்டுக்கு குத்துச்சண்டைக்காரர் பெயரை வைத்திருந்தார்கள்) தலையால் தடுத்துவிட்டேன், மண்டை லேசாக விரிசல், நன்றாகத் தேறி வருகிறேன் என்று. காகிதத்தில் ரத்தக்கறை. 26-ம் தேதி பிரான்சில் பூலோனில் இறந்துவிட்டான். அப்புறம் தம்பி பில்லி போர்முனையிலிருந்து எழுதுகிறான்: இக்கட்டான நேரத்தில் அண்ணன் பக்கத்தில் நின்று உற்சாகப்படுத்துவது போல இருக்கிறது என்று. ஜூலை 30-ல் ஈப்பர் பக்கத்து ஹூகேயில் அவனும் போனான். உடல்கூடக் கிடைக்கவில்லை.

ஒருவன் விளையாட்டுப் பேச்சு, மற்றவன் ஆறுதல். ஆனால் இரண்டு பேரும் எழுதும்போது முன்னால் உட்கார்ந்திருந்தது அம்மாதான். உன் பெரிய சித்தப்பாவின் 'நலம்' எனக்கு அந்த 'லேசான விரிசல்' மாதிரிதான் கேட்கிறது. சின்னவர் சப்பாத்தியைத் திட்டியதும் அப்படித்தானோ? சாப்பாட்டைக் குறைசொல்கிற பிள்ளை உயிரோடு சௌக்கியமாக இருக்கிறான் என்று பாட்டிக்குத் தெரியாதா!

அதே பிரான்சில் அதே மாதங்களில் நம் நாட்டுச் சிப்பாய்களும் எழுதினார்கள். அவர்கள் கடிதத்தைத் தணிக்கை அதிகாரி படித்த பிறகுதான் ஊருக்கு விடுவார்கள். அதனால் இந்தியர்களைக் கறுப்பு மிளகு என்றும் வெள்ளைக்காரர்களைச் சிவப்பு மிளகு என்றும் எழுதி, கறுப்பு மிளகு தீர்ந்துகொண்டே வருகிறது என்று வீட்டுக்குச் சேதி அனுப்பினார்கள். பட்டாளத்தில் சேராதே என்று தம்பிக்குச் சொல்ல வேண்டுமே.

பொங்கலுக்கு வருகிறேன். அதுவரை கடிதங்களைக் கம்பியிலிருந்து உருவிவிடாதே, பாட்டி குத்திய வரிசை கலைந்துவிடும். டிசம்பர் 3-ல் பாகிஸ்தானோடு போர் மூண்டதே, அதற்கு அப்புறம் முதலில் வந்தது யாருடையது என்று மட்டும் பார்த்து எழுது.

அன்புடன்,
ராமநாதன்